பிறந்த வீட்டுக் கோடி

நெல்லித்தோப்பு நாடகக் கொட்டகையில் மாமியார் வேஷம் கட்டுகிற ஆள் மேடைக்கு வருமுன் படுதா ஓரத்தில் எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பான்: "கோழிக்காரி வந்துட்டாளா?" வந்துவிட்டாள் என்று சொன்னால் அவன் முகத்துப் பவுடர் வியர்வையில் கரையத் தொடங்கிவிடும்.

கோழிக்காரி என்பது சூசைமேரி. தரை டிக்கெட்டில், மேடைக்கு நேர் எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். மேடையில் மாமியார் மருமகள்மேல் கை ஓங்கினால் போதும், "கைய எறக்குடி மூதேவி! கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?" என்று ஒரு சத்தம் போடுவாள். கொட்டகையே சிரிக்கும். ஓங்கிய கை நிஜமாகவே தாழ்ந்துவிடும். மேடை ஓரத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருக்கும் நான், சிரிப்பு அடங்கும்வரை சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பேன். என் பெயர் சக்கரபாணி. ஆர்மோனியம் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும்.

அந்த நாடகத்தையும் அந்த மனுஷியையும் பின்னால் வந்த கொட்டகைக் காண்ட்ராக்டர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சூசைமேரி விடிந்ததும் உழவர்கரைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்க் கோழியும் முட்டையும் வாங்குவாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, பெரிய வாய்க்காலைத் தாண்டி, பிரெஞ்சு வெள்ளைக்காரத் தெருக்களில் போய் விற்பாள். அங்கே இருக்கிற சமையல்காரர்கள் ஒருவருக்கும் அவளிடம் பேரம் பேசத் துணிச்சல் கிடையாது. ஒரு வெள்ளைக்கார மதாம் முட்டை சின்னதாக இருக்கிறதே என்று முகம் சுளித்தபோது, "நான் போட்டிருந்தா பெருசா போட்டிருப்பேன் மதாம், கோழி போட்டது அவ்வளவுதான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தவள். புருஷன் ஆலையில் வேலை செய்து, நெஞ்சில் பஞ்சு அடைத்து இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். இருந்தது ஒரே மகள், செலஸ்தீன்.

செலஸ்தீனைச் சைகோனில் குமாஸ்தா வேலை பார்க்கிற பையனுக்குக் கட்டிக் கொடுத்தாள். பெண் கப்பலேறிப் போனாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவாள் என்று, வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு சேலை வாங்கி, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருந்தாள் சூசைமேரி. பெண் வரவில்லை. பிரசவத்திலேயே போய்விட்டாள். அடக்கம் நடந்து மாதங்கள் கழித்து, சைகோனிலிருந்து லீவில் வந்த ஒருவர்தான் வீடு தேடி வந்து செய்தி சொன்னார்.

சூசைமேரி அழவில்லை. "கோடி யாரு போட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் வேதக்காரரானாலும் இந்துவானாலும், கல்யாணமான பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வந்து அவள் உடம்பின்மேல் விழவேண்டும். அது விழாமல் பெட்டியையும் மூடமாட்டார்கள், பாடையையும் தூக்கமாட்டார்கள். அந்தச் சேலையைப் பிறகு யாரும் தொடவும் மாட்டார்கள். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு, "அங்க அதெல்லாம் ஏதுக்கா" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவள் இரண்டு மெழுகுவத்தி வாங்குவாள். ஒன்றைப் புருஷன் கல்லறையில் ஏற்றுவாள். மற்றதை எங்கே ஏற்றுவது? முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாள்.

கொட்டகைக்கு அவள் வரத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். மற்ற ஊர்களில் ஒரே ஆட்டத்தில் ஒரு நாடகம் முடிந்துவிடும். எங்கள் கொட்டகையில் 'சொர்ணாம்பாள்' என்ற ஒரே கதை, ஞாயிறுதோறும் விட்ட இடத்திலிருந்து தொடரும். தாய் தகப்பன் இல்லாத சொர்ணம், பொல்லாத மாமியார், வாயில்லாப் பூச்சியான ஒரு புருஷன். கதை என்னவோ இவ்வளவுதான். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் ஆரம்பித்தபோது அதை நடத்திய காண்ட்ராக்டர் ஆதிமூலம் நடத்தியது போல இன்னொருவன் நடத்தி நான் பார்த்ததில்லை.

ஆதிமூலம் விறகுத்தொட்டி வைத்திருந்தவர். பாட்டு தெரியாது, தாளம் தெரியாது. ஒத்திகைக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். கதை எழுதிய இராமதாஸ் வாத்தியாரிடம் அவர் வைத்திருந்த கண்டிப்பு ஒன்றுதான்: "நடந்தது நடந்ததா இருக்கணும் வாத்தியாரே." ஒரு ஞாயிறு சொர்ணம் மூக்குத்தியை அடகு வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு சொர்ணமாக நடிக்கும் சந்திரகலா மறதியில் மூக்குத்தியோடு வந்து நின்றாள். ஆதிமூலம் படுதாவை இறக்கச் சொல்லிவிட்டார். மூக்குத்தி கழன்ற பிறகுதான் ஆட்டம் நடந்தது. மாதா கோயிலில் மாலை ஆசீர்வாதம் முடிந்து மணி அடிக்கிறவரை அவர் கொட்டகையில் விளக்கே ஏற்றவிடமாட்டார். "சாமிய உட்டுட்டு ஓடியாந்து நம்ம நாடகத்த யாரும் பாக்க வேணாம்" என்பார். அதனாலேயே ஜனங்கள் கோயிலிலிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்தார்கள்.

பிறகு சந்திரகலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நடிப்பை விட்டுவிட்டுத் திண்டிவனம் போகப் போகிறாள். வேறு பெண்ணைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று எல்லோரும் சொன்னோம். ஆதிமூலம் ஒப்பவில்லை.

"இன்னொருத்திய நிறுத்தி இவதான் சொர்ணம்னு எப்படிய்யா சொல்றது? மொகம் தெரியாதவங்களா நம்ம சனங்க?" என்றார்.

அதனால் சொர்ணம் செத்தாள். பிரசவத்தில் செத்தாள். அந்த ஞாயிறு அத்தோடு படுதா விழுந்தது. அடுத்த ஞாயிறு சாவு வீட்டுக் காட்சி. இடையில் இருந்த அந்த வாரம் முழுக்க நெல்லித்தோப்புக் குழாயடியில் இதே பேச்சு. சூசைமேரி கூடையோடு என் வீட்டைத் தாண்டிப் போகும்போது நின்று, "தம்பி, அந்தப் பொண்ணுக்கு ஒறமொறன்னு யாருமே இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்லையேக்கா. அனாதையாச்சே" என்றேன். அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை படுதா ஏறியது. சந்திரகலா கண்மூடிக் கிடக்கிறாள். தலைமாட்டில் விளக்கு. பக்கத்து வீட்டுக்காரி வேஷம் போட்டவள், வாத்தியார் எழுதியபடி, "பொறந்த வீட்டுக் கோடி எங்க?" என்றாள். புருஷன் வேஷக்காரன், "அவளுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று சொல்லிப் பாட்டை எடுக்க வேண்டும். நானும் ஆர்மோனியத் துருத்தியை இழுத்துவிட்டேன்.

"நான் இருக்கேன்" என்று தரையிலிருந்து குரல் வந்தது.

சூசைமேரி எழுந்துவிட்டாள். கக்கத்தில் ஒரு பொட்டலம். யாரும் தடுப்பதற்குள் மேடையேறிவிட்டாள். நடிகர்கள் விழித்தார்கள். படுதாவுக்குப் பின்னாலிருந்து வாத்தியார் கையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற ஆதிமூலம் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

பொட்டலத்தைப் பிரித்தாள். வெங்காயச் சருகு நிறச் சேலை. அதை உதறி விரித்து, சந்திரகலாவின் கழுத்திலிருந்து பாதம்வரை போர்த்தி, ஓரங்களைச் சரிசெய்தாள். "அம்மா வந்துட்டேன் கண்ணு" என்றாள். அப்புறம் அழுதாள். சைகோன் செய்தி வந்த அன்று அழாத அழுகையெல்லாம் அன்றைக்கு அழுதாள். தரை டிக்கெட்டுப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பிணமாகக் கிடந்த சந்திரகலாவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததை நான் பார்த்தேன். ஆர்மோனியத்தை மூடிவைத்தேன். பாடையைத் தூக்கினார்கள். படுதா விழுந்தது.

ஆட்டம் முடிந்து சந்திரகலா சேலையை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். சூசைமேரி பின்னால் நகர்ந்தாள்.

"கோடிய யாராச்சும் திருப்பி வாங்குவாங்களா? அது அவளோட போயிட்டுது" என்றாள்.

ஆதிமூலம் அதை வெள்ளைத் துணியில் சுற்றி, உடுப்புப் பெட்டியின் அடியில் வைத்தார். யார் கையும் அதில் படக்கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு சூசைமேரி பழையபடி வாய் பேச ஆரம்பித்தாள். தெருவில் சிரித்தாள். எதையோ செய்து முடித்த மனுஷியாக இருந்தாள்.

நாடகத்தை அங்கேயே முடித்திருக்கலாம். முடிக்கத்தான் ஆதிமூலமும் நினைத்தார். அதற்குள் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். கொட்டகைக் காண்ட்ராக்ட் ராஜாங்கத்திடம் போனது.

ராஜாங்கத்துக்குச் சாராயக்கடைக் குத்தகை. கடை கொட்டகைக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? இடைவேளை ஒன்று இருந்தது இரண்டாயிற்று, பிறகு மூன்றாயிற்று. ஜனங்கள் வெளியே போய்க் குடித்துவிட்டு வரவேண்டும். குடித்துவிட்டு வருகிறவனுக்குக் கதை எதற்கு? சொர்ணத்தின் பதினாறாம் நாள் காரியத்தில் பபூன் வடை தின்னும் போட்டி நடத்தினான். புருஷன் மறுகல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தான். ஒரு ஞாயிறு சரி என்பான், மறு ஞாயிறு மாட்டேன் என்பான். நான் அதே சோக ராகத்தை இழுத்து இழுத்து, என் கையே எனக்கு வெறுத்துப் போயிற்று.

மருமகள் செத்தபின் மாமியார் திருந்தி அழுகிற கட்டத்தை வாத்தியார் அழகாக எழுதியிருந்தார். ராஜாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. சொர்ணம் பெற்றுவிட்டுப் போன பேரக்குழந்தையை அவள் அடிக்கவேண்டும் என்றார்.

"போன மாசந்தானே முதலாளி திருந்தி அழுதா?" என்றார் வாத்தியார்.

"அழுததெல்லாம் எவனுக்கு நெனப்பு இருக்கும்? அடிக்க வையி. அவ அடிச்சாத்தான் கூட்டம் வருது."

மாமியார் மறுபடி கை ஓங்கினாள். வேஷக்காரன் பழக்கதோஷத்தில் சூசைமேரி பக்கம் பார்த்தான். அவள் திட்டவில்லை. ஆட்டம் முடிந்து என்னிடம் வந்து, "அவதான் திருந்திட்டாளே தம்பி, மறுபடி ஏன் அடிக்கிறா?" என்று கேட்டாள். குடிகாரன் கேட்டான் என்று சொல்லவா? பிறகு அவள் வருவது குறைந்தது. மெல்ல மெல்ல நின்றே போயிற்று.

அதற்குள் ஊருக்குப் பேசும் படம் வந்துவிட்டது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்ததும் ராஜாங்கம் கைகழுவிக்கொண்டார். கொட்டகையை எடுத்தவர் பிரான்சுவா. சோடாவும் கலரும் தயாரித்து விற்கிறவர். வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக வருவார். முதல் நாளே இராமதாஸ் வாத்தியாரை அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு கதை சோடாக்கடையில்தான் பிறந்தது. கலர் குடிக்க வருகிறவன் ஏப்பத்தோடு சொல்வதெல்லாம் அடுத்த ஞாயிறு மேடைக்கு வந்தது. சொர்ணத்தின் புருஷன் ஒரு வாரம் சைக்கிளில் வித்தை காட்டினான். ஒரு வாரம் அவன் பிறவியிலேயே ராஜகுமாரன் என்று தெரிந்தது. ஆசீர்வாத மணி அடிக்கிறபோதே இங்கே டமாரம் அடித்தார்கள். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். சிலர் நிலக்கடலைத் தோலை மேடைமேல் வீசினார்கள். வீசியதில் தப்பே இல்லை என்பேன்.

முப்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் பிரான்சுவா எங்களைக் கூட்டி வைத்து, "சொர்ணத்த உசுரோட கொண்டாரப் போறேன்" என்றார்.

"செத்துப் போயிட்டாளே மிசியே" என்றேன்.

"சாவல. மூர்ச்ச. சுடுகாட்ல ஒரு சாமியார் மூலிகை குடுத்து எழுப்பிட்டாரு. கதைதானேய்யா! வேற பொண்ணு பாத்துட்டேன், நல்லா ஆடுவா."

எங்களில் எவனோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கோடி போட்ட கதையை அவரிடம் சொல்லிவிட்டான். மறுநாளே டமாரத்தோடு நோட்டீஸ் கிளம்பிவிட்டது. 'பிறந்த வீட்டுக் கோடி பெற்று மாண்ட சொர்ணாம்பாள் உயிருடன் வருகிறாள்! வரும் ஞாயிறு! காணத் தவறாதீர்!' ஒரு தாயின் வயிற்றெரிச்சலைச் சோடாவுக்கு லேபிள் ஒட்டுவது போல ஒட்டிவிட்டான் பாவி.

சூசைமேரிக்குப் படிக்கத் தெரியாது. மார்க்கெட்டில் ஒருவன் அவளுக்கு அதைப் படித்துக் காட்டிவிட்டு, "யக்கா, உம்மவ எழுந்து வராளாமே!" என்று பல்லை இளித்தானாம். அவள் கூடையை அங்கேயே வைத்துவிட்டு நேராகச் சோடாக்கடைக்கு வந்தாள். பாட்டு மாற்றுகிற விஷயமாக நானும் அப்போது அங்கே இருந்தேன்.

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "மிசியே, நீங்களும் வேதக்காரரு. அவள எழுப்பாதீங்க" என்றாள்.

"கதைதானேம்மா இது! உனக்கு ஓசியிலயே நாற்காலி போடறேன், வந்து பாரு."

"நாற்காலி வேணாம். நான் போட்ட சேல பெட்டியில இருக்கும். அதையாச்சும் குடுத்துடுங்க. நீங்க அவள எழுப்பிட்டா அந்தச் சேல அங்க அனாதையா கெடக்கக் கூடாது."

பிரான்சுவா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு மிகவும் மரியாதையாக, "அதுக்கென்ன, ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, சேலையை வாங்கிக்கொண்டு போகத்தான் அவள் வந்தாள். வாசலில் நின்றவளை ஆள் விட்டு உள்ளே அழைத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கொட்டகை நிரம்பி வழிந்தது. மூலிகைச் சாமியார் மந்திரம் போட்டார். புகை கிளம்பியது. புகைக்குள்ளிருந்து புதுப்பெண் குதித்து வந்து ஆடத் தொடங்கினாள்.

அவள் இடுப்பில் வெங்காயச் சருகு நிறச் சேலை.

முழங்கால் தெரியத் தூக்கிச் செருகி, ஓரத்தில் ஜரிகைப் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். பெட்டியின் அடியிலிருந்து அதைத் தோண்டி எடுத்தவன் எவனோ, அவன் கை விளங்காமல் போகட்டும். என் விரல் தானாக நின்றுவிட்டது. பிரான்சுவா மேடைக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மகா ஜனங்களே! கோடி போட்டு அழுத தாய் இதோ இருக்கிறார்! தாயே, வாருங்கள்! எழுந்து வந்த மகளை மார்போடு அணையுங்கள்!"

பெஞ்சு டிக்கெட்காரர்கள் கை தட்டினார்கள். சூசைமேரி எழுந்தாள். அன்றைக்கு ஏறிய அதே பக்கம் மேடையேறினாள். அந்தப் பெண் கையை விரித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். சூசைமேரி அணைக்கவில்லை. சேலைத் தலைப்பை மட்டும் விரல் நுனியில் தொட்டாள்.

"யாரு கட்ட சொன்னாங்க பொண்ணே?"

"பெட்டியில இருந்துச்சி. முதலாளிதான் கட்ட சொன்னாரு."

"இது பொணத்து மேல போட்ட கோடிம்மா. எம்மவளுக்குப் போட்டது."

பெண்ணின் சிரிப்பு அப்படியே உறைந்தது. இடுப்பைக் குனிந்து பார்த்தாள். "ஐயையோ!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது தன்னுடைய பழைய சீட்டிச் சேலையில் இருந்தாள். கோடியை மடித்து இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தாள். "தெரியாதும்மா, சத்தியமா தெரியாது" என்று அழுதாள். சூசைமேரி வாங்கிக்கொண்டாள். "உன்னச் சொல்லலடி. வீட்டுக்குப் போயி தலைய முழுவு" என்றாள்.

தரை டிக்கெட்டில் ஒரு கிழவி எழுந்து வெளியே நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போல, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். அன்றைக்கு நெல்லித்தோப்புக் கிணற்றடிகளில் எல்லாம் தலைமுழுகுகிற சத்தம் கேட்டதாக என் மனைவி சொன்னாள்.

"போவாதீங்க! கதைதானே, கதைதானே!" என்று பிரான்சுவா கத்தினார். என் பக்கம் திரும்பி, "வாசிய்யா!" என்றார். நான் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வெட்கம் கெட்டவர்களுக்கு இதெல்லாம் உறைக்குமா? அடுத்த வாரமே வேறு ஆர்மோனியக்காரன் வந்துவிட்டான். நோட்டீஸில் 'கோடிச்சேலையின் சாபம்' என்று போட்டிருந்தார்கள்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், புருஷன் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் சூசைமேரி வெட்டியானை வைத்து ஒரு குழி எடுத்தாள். ஜரிகைப் பேப்பரையெல்லாம் நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, சேலையை வெள்ளைத் துணியில் சுற்றித் தன் கையாலேயே உள்ளே வைத்தாள். மண்ணையும் அவளே தள்ளினாள். துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டிருந்தாள்.

மறுநாள் மாலை நான் அந்தப் பக்கம் போனபோது அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். கொட்டகைப் பக்கமிருந்து டமாரச் சத்தம் காற்றில் வந்தது.

"சொர்ணம் இப்ப என்னா பண்றாளாம் தம்பி?" என்று கேட்டாள்.

"ஆடறாளாம்க்கா" என்றேன்.

"எவளோ ஆடறா. ஆடிட்டுப் போவட்டும்" என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டாவது மெழுகுவத்தியை எடுத்தாள். புருஷன் கல்லறையில் எரிந்த வத்தியில் அதைப் பற்றவைத்து, புது மண்ணில் ஊன்றினாள். காற்று அணைத்துவிடாமல் இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.